தவறாக மாட்டிக்கொண்டவர் வெளியே வர என்ன வழி? தீவிரவாதத் தடுப்புச் சட்டங்கள் பற்றி ஒரு விவாதம்

நெடுவழி:

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் பாதுகாப்பா சுதந்திரமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. குண்டு வெடித்த மறுநாள் ஒரு கட்சியின் குரல் ஓங்குகிறது. யாரோ ஒருவர் பல வருடம் சிறையில் இருந்துவிட்டு நிரபராதி என்று விடுதலையானால் மறு கட்சியின் குரல் ஓங்குகிறது. எனக்கு இந்தப் பிரிவினையால் ஒரு தெளிவும் கிடைக்கவில்லை. நான் கேட்க வருவது வேறு. ஒரு அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறோம். அது தவறான ஆள்மேல் பாய்ந்தால், அவர் யாரிடம் போய் முறையிடுவார், எத்தனை நாளில் வெளியே வருவார்? இதற்கு ஒழுங்கான பதில் இருந்தால் கடுமையான சட்டத்தைக்கூட நான் ஏற்பேன். பதில் இல்லையென்றால் மென்மையான சட்டமும் வேண்டாம்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன். 2005 ஜனவரியில், அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் படித்துவந்த மலேசியப் பெண் ஒருவர் சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு வருகிறார். அறுவை சிகிச்சை முடிந்து சக்கர நாற்காலியில் இருந்தவர், கூட 14 வயது மகள். பெயர் விமானப் பயணத் தடைப் பட்டியலில் இருக்கிறது என்று கைவிலங்கு போட்டு அழைத்துப் போகிறார்கள். மறுநாள் ஊருக்குப் போக விட்டார்கள், ஆனால் அவருடைய விசா ரத்தானது. அதற்குப் பிறகு அமெரிக்கா திரும்ப முடியவில்லை. வழக்கு போட்டார். பல வருடம் அரசு, இது தேச ரகசியம், பட்டியலில் இருக்கிறாரா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியாது என்றது. கடைசியில் தெரிந்தது என்ன? அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் அதிகாரி ஒருவர் 2004-ல் ஒரு படிவத்தைத் தவறாக நிரப்பியிருக்கிறார். எந்தெந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாமோ அந்தக் கட்டங்களில் குறியிடு என்று படிவம் சொல்கிறது. அவர் தலைகீழாகக் குறித்துவிட்டார். அந்தப் பிழை அவருக்கே 2013-ல் வழக்குக்காகச் சாட்சியம் சொல்லும்போதுதான் தெரிந்தது. 2014 ஜனவரியில் நீதிமன்றம், எல்லாப் பதிவுகளிலும் இதைத் திருத்தச் சொல்லி உத்தரவிட்டது.

படிவம் நிரப்பும்போது யாருக்கும் கை தவறலாம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு குறியை அழிக்க ஒன்பது வருடம் ஆனதுதான் என்னை உறுத்துகிறது. உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள். குறிப்பாக, காவல்துறை அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

மலைமுகடு:

நெடுவழி, நான் புலனாய்வில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

2008 நவம்பர் 26, மும்பை. 166 பேர் இறந்தார்கள். தாஜ் ஓட்டலுக்குள்ளும் நரிமன் இல்லத்திலும் இருந்தவர்களுக்கு எல்லை தாண்டி இருந்தவர்கள் போனில் ஒவ்வொரு நிமிடமும் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சுகளை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்ததால்தான் இது பத்துப் பேர் தாங்களாகச் செய்த வேலை இல்லை, பின்னாலிருந்து இயக்கியவர்கள் உண்டு என்பதற்கு நீதிமன்றத்தில் நிற்கும் ஆதாரம் கிடைத்தது. தாக்கியவர்களில் உயிரோடு பிடிபட்ட கசாப் மீதான வழக்கில் அந்த உரையாடல்களுக்குப் பெரிய இடம் உண்டு. ஒட்டுக்கேட்பு என்றாலே ஜனநாயக விரோதம் என்று பேசுபவர்கள் அந்த எழுத்துப்படிகளை ஒருமுறை படித்துவிட்டு வந்து பேசட்டும்.

இன்னொன்று. மற்ற குற்றங்களில் குற்றம் நடந்த பிறகு விசாரிக்கிறோம். இதில் நடக்கும் முன் தடுக்க வேண்டும் என்று மக்களே எதிர்பார்க்கிறார்கள். தடுத்தால் யாருக்கும் தெரியாது, தவறவிட்டால் நாடு முழுக்கக் கேட்கும். அந்த நெருக்கடியில் உட்கார்ந்திருப்பவன் வலையைக் கொஞ்சம் அகலமாகத்தான் வீசுவான்.

சிறுதுளி:

ஐயா சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. நான் யாரிடம் என்ன பேசினேன் என்று அரசு பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் பிள்ளைகள் ரயிலில் பத்திரமாகப் போய்வந்தால் போதும். தப்பு செய்யாதவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?

எண்ணும்எழுத்தும்:

சிறுதுளி அக்கா, உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் வலையை அகலமாக வீசினால் மீன் அதிகம் கிடைக்கும் என்பது கணக்கில் தப்பாகிவிடுகிறது. பொறுமையாக ஒரு நிமிடம் பாருங்கள்.

ஒரு நாட்டில் 7 கோடி பேர். அதில் நிஜமாகவே ஆபத்தானவர்கள் 700 பேர் என்று வைப்போம். எல்லோருடைய அழைப்பு, பயணம், பணப் பரிமாற்றம் எல்லாவற்றையும் அலசி ஆபத்தானவரைச் சொல்லும் ஒரு கணினி இருக்கிறது. நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் என்றும் வைப்போம் (அவ்வளவு துல்லியமான கருவி எங்கும் கிடையாது). அது 700 பேரில் 693 பேரைப் பிடித்துவிடும். கூடவே மீதி 7 கோடி அப்பாவிகளில் நூற்றுக்கு ஒருவரையும் சந்தேகப்படும். ஏறக்குறைய 7 லட்சம் பேர். கணினி கைகாட்டும் ஆயிரம் பேரில் ஒருவர்தான் உண்மையான ஆள். மீதி 999 பேரும் தப்பு செய்யாதவர்கள்தான். அவர்களில் நீங்களும் இருக்கலாம், நானும் இருக்கலாம். 7 லட்சம் வீட்டுக் கதவைத் தட்ட எந்தக் காவல்துறையிடம் ஆள் இருக்கிறது? அந்தக் கூட்டத்துக்குள் நிஜமான ஆள் சுலபமாக ஒளிந்துகொள்வார்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. அமெரிக்காவில் நடந்த 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஜெர்மனியில் பல்கலைக்கழகங்கள், பதிவு அலுவலகங்கள் என்று எல்லா இடத்திலிருந்தும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலை வாங்கிச் சலித்தார்கள். மறைந்திருந்த தீவிரவாதி ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. 2006-ல் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம், திட்டவட்டமான ஆபத்து இருந்தாலொழிய இப்படிச் செய்யக்கூடாது என்றது.

பிரிட்டனில் எந்தச் சந்தேகமும் இல்லாமலே தெருவில் யாரையும் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் இருந்தது, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. 2009-10 ஒரே வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். தீவிரவாதக் குற்றத்துக்காக ஒருவர்கூடக் கைதாகவில்லை. 2010-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்ற பொருளில் தீர்ப்பளித்த பிறகு அதைக் கைவிட்டார்கள்.

மலைமுகடு:

கணக்கு சரி தம்பி. ஆனால் எல்லாக் கண்காணிப்பையும் ஒரே கூடையில் போடுகிறீர்கள். அமெரிக்காவிலேயே இரண்டு திட்டம் இருந்தது. ஒன்று, நாட்டிலுள்ள எல்லோருடைய போன் அழைப்பு விவரத்தையும் மொத்தமாக அள்ளியது. இன்னொன்று, வெளிநாட்டில் உள்ள குறிப்பிட்ட ஆட்களின் தகவல் தொடர்பைக் குறிவைத்தது. ஸ்னோடன் என்ற உளவுத்துறை ஒப்பந்த ஊழியர் இவற்றை வெளியே கொண்டுவந்த பிறகு, இரண்டையும் அவர்களுடைய தனியுரிமை மேற்பார்வை வாரியம் 2014-ல் தனித்தனியாக ஆராய்ந்தது. முதலாவதைப் பற்றி, அமெரிக்காவுக்கு அச்சுறுத்தலான ஒரு தீவிரவாத விசாரணையின் முடிவைக்கூட இது மாற்றவில்லை என்று எழுதினார்கள். அதன் பயனுக்குச் சான்றாக அரசு முன்வைத்த பட்டியலில் தேறியது, சான்டியாகோவில் ஒருவர் சோமாலியாவின் அல்-ஷபாப் அமைப்புக்குச் சுமார் 8,500 டாலர் அனுப்பிய வழக்கு ஒன்றுதான். அதை நான் ஏற்கிறேன். ஆனால் இரண்டாவது திட்டம் பயன் தந்தது என்று அதே வாரியம்தான் சொன்னது. 2009-ல் நியூயார்க் சுரங்க ரயிலில் குண்டு வைக்கும் சதி வெளியே வந்தது அப்படித்தான். பாகிஸ்தானில் இருந்த ஒருவருடைய மின்னஞ்சலைக் கவனித்தபோது, வெடிமருந்து கலவை பற்றிக் கேட்டு அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

ஆளைக் குறிவைத்துப் பார்ப்பது வேலை செய்யும். ஊரையே பார்ப்பது செய்யாது. இதை நாங்களே உள்ளுக்குள் பலமுறை பேசியிருக்கிறோம்.

வடலி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இப்போது வெளிநாட்டில். எங்களுடைய அனுபவத்தையும் இதில் பதிந்து வைக்க வேண்டும்.

எங்கள் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் வந்தது. தற்காலிக ஏற்பாடு, மூன்று வருடத்துக்கு மட்டும் என்றுதான் சொன்னவர்கள். 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். யுத்தம் தொடங்குவதற்கு முன்னமே வந்த சட்டம், 2009 இல் யுத்தம் முடிந்த பிறகும் போகவில்லை. நீதவானின் தீர்மானம் இல்லாமல், அமைச்சரின் கட்டளையில் மூன்று மூன்று மாதமாக நீட்டி 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம். 2022 திருத்தத்தில் அதை 12 மாதமாகக் குறைத்தார்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் உள்ளவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் வழக்கில் செல்லும். அடித்து வாங்கியது என்றால் அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கைதியிடம். அறைக்குள்ளே நடந்ததை அவர் எப்படி நிரூபிப்பார்? சிங்களத்தில் எழுதிய தாளில், மொழி தெரியாமல் கையெழுத்து வைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர்.

சரி, இவ்வளவு அதிகாரமும் கையில் இருந்த நாட்டில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று என்ன நடந்தது? தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் செத்தார்கள். ஏப்ரல் 4 ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. சூத்திரதாரியின் பெயரும் அதில் இருந்தது, தேவாலயங்கள் இலக்கு என்பதும் இருந்தது. மேலிடத்தில் ஒருவரும் அசையவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் (உங்கள் உச்ச நீதிமன்றம் போல எங்களுக்கு), முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மலைமுகடு ஐயா கோபிக்கக்கூடாது. அன்றைக்கு இல்லாமல் போனது அதிகாரம் இல்லை. கையில் இருந்த கடிதத்தை வாசித்து நடவடிக்கை எடுக்க ஆள் இல்லை.

மலைமுகடு:

கோபம் ஒன்றும் இல்லை, வடலி. நீங்கள் சொன்னது உண்மை. 2001 தாக்குதலிலும் இதே கதைதான். விமானத்தைக் கடத்தியவர்களில் இருவர் அமெரிக்காவுக்குள் வந்தது அவர்களுடைய உளவு அமைப்பான சிஐஏவுக்குத் தெரியும், எஃப்பிஐயிடம் உரிய நேரத்தில் சொல்லவில்லை. தகவல் பகிர்வதில் உள்ள ஓட்டையை அடைப்பது கடினமான, பெயர் கிடைக்காத வேலை. புதுச் சட்டம் போடுவது சுலபம், மறுநாளே செய்தியில் வரும்.

கறுப்புக்கோட்டு:

வழக்கறிஞன் என்ற முறையில் நெடுவழி கேட்ட கேள்விக்கே வருகிறேன். இந்தியாவில் மாட்டிக்கொண்டால் வெளியே வரும் வழி என்ன?

தடா என்ற தீவிரவாதத் தடுப்புச் சட்டம் 1985 முதல் 1995 வரை இருந்தது. சாதாரணச் சட்டப்படி காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. தடாவில் எஸ்பி அந்தஸ்து அதிகாரி பதிவு செய்தால் செல்லும். ராஜீவ் கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், இந்தக் கொலை தடாவின்படி தீவிரவாதச் செயல் என்ற வரையறைக்குள் வராது என்று அந்தப் பிரிவுகளை நீக்கி, 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால் தடாவுக்காக வாங்கிய ஒப்புதல் வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்று வைத்துக்கொண்டது. அந்தச் சட்டமே பொருந்தாது, அதன் வழியாக வந்த ஆதாரம் மட்டும் பொருந்தும். சட்டம் படித்த எனக்கு இது இன்றுவரை ஜீரணமாகவில்லை.

அதில் ஒரு வாக்குமூலம் பேரறிவாளனுடையது. 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அது எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக, பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் ஓய்வுக்குப் பிறகு 2013-ல் பகிரங்கமாகச் சொன்னார். பேரறிவாளன் 19 வயதில் கைதானவர். உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2022 மே 18. விட்டுப்போனது ஒரே ஒரு வரி. அதுவும் எழுதியவருக்கு மனசாட்சி உறுத்தியதால் தெரிந்தது, சட்டம் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

அப்புறம், தடாவுக்குப் பின் வந்த தீவிரவாதத் தடுப்புச் சட்டமான பொடா. 2002-ல் நாடாளுமன்றத்தில் அதை ஆதரித்த கூட்டணியில் மதிமுகவும் இருந்தது. அதே வருடம் ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் வைகோ பொடாவில் கைதாகி, ஏறக்குறைய 19 மாதம் வேலூர் சிறையில் இருந்தார். சட்டம் போடும்போது அது யார்மேல் பாயும் என்று போட்டவர்களுக்கே தெரிவதில்லை. 2004-ல் பொடா போனது. அதன் முக்கியமான பிரிவுகள் உபா என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. தடா, பொடா இரண்டுக்கும் காலக்கெடு இருந்தது, நாடாளுமன்றம் அவ்வப்போது திரும்பிப் பார்த்தாக வேண்டும். உபாவுக்கு அந்தக் கெடுவும் கிடையாது.

உபாவில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். 43டி(5) பிரிவின்படி, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நம்ப இடமிருந்தாலே ஜாமீன் கிடையாது. ஆதாரத்தை அந்தக் கட்டத்தில் ஆழமாக எடைபோடக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீஸ் தரப்புக் காகிதத்தை மட்டும் வைத்துத்தான் முடிவு. 2016 முதல் 2020 வரை உபாவில் 24,134 பேர் மீது வழக்கு. அந்தக் காலத்தில் தண்டனை பெற்றவர்கள் 212, விடுதலையானவர்கள் 386. மீதிப் பேருக்கு விசாரணையே தண்டனை. வழக்கு அளவுக்கு மீறி இழுத்தால் ஜாமீன் தரலாம் என்று 2021-ல் நஜீப் வழக்கில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது, அவ்வளவுதான். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடியினரோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி பாதிரியாருக்கு அந்த ஜன்னலும் திறக்கவில்லை. பார்கின்சன் நோயால் கை நடுங்கி, தண்ணீர் குடிக்க உறிஞ்சு குவளை வேண்டும் என்று மனுப் போட்டவர். 84 வயதில், 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே இறந்துபோனார்.

சிறுதுளி:

இதையெல்லாம் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஆனால் போன் பார்ப்பதும் சிறையில் போடுவதும் வேறு வேறு இல்லையா? என்னுடைய கேள்வி போன் பற்றித்தான்.

மின்கம்பம்:

அக்கா, நான் தொலைத்தொடர்பு வேலையில் இருப்பவன், போன் பற்றி நான் சொல்கிறேன். அரசு கேட்கும்போது ஒட்டுக்கேட்க வசதியாக எல்லா நெட்வொர்க்கிலும் ஒரு கதவு வைக்கிறார்கள். அந்தக் கதவுக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது. கிரீஸ் நாட்டில் 2004 ஒலிம்பிக் சமயத்தில் வோடஃபோன் நெட்வொர்க்கில் இருந்த அந்த வசதிக்குள் யாரோ புகுந்து, பிரதமர் உட்பட நூறு பேருக்கும் மேற்பட்டவர்களின் பேச்சை மாதக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள். 2024-ல் சீனாவைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஹேக்கர்கள் அமெரிக்க நிறுவனங்களின் ஒட்டுக்கேட்பு அமைப்புக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். வாட்ஸ்அப் போன்றவற்றின் மறையாக்கத்தை (பேசும் இருவரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி போடும் பூட்டை) உடைத்துக் கொடு என்று அரசுகள் கேட்பதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான். பாதுகாப்புக்கு என்று போட்ட ஓட்டை வழியாகவே எதிரி வருகிறான்.

கறுப்புக்கோட்டு:

சிறுதுளி, இரண்டும் வேறு என்று தோன்றும். ஆனால் ஒன்றிலிருந்துதான் மற்றது தொடங்குகிறது. சட்டப்படி உங்கள் போனை ஒட்டுக்கேட்க நீதிபதி அனுமதி தேவையில்லை, உள்துறைச் செயலர் கையெழுத்துப் போதும். 1996-ல் பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சில நெறிமுறைகளை விதித்தது. அதன்படி ஒரு மறுஆய்வுக் குழு இருக்கிறது, அதிலும் அதிகாரிகள் மட்டும்தான். தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 அறிக்கையில் எழுதியது: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அந்தக் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு ஆணைக்கு ஒரு நிமிடம் என்று இரவும் பகலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்தாலும் பத்து நாளுக்கு மேல் ஆகும். அப்படி யாரும் உட்காருவதில்லை. ஆக, மேற்பார்வை காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

அதோடு, உங்களை ஒட்டுக்கேட்டார்கள் என்பதே உங்களுக்குத் தெரியப்போவதில்லை. தெரியாதபோது எதை வைத்து வழக்குப் போடுவீர்கள்? 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். உரிமை இருக்கிறது, அது மீறப்பட்டதை அறிய வழி இல்லை. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அரசு விரும்பும் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துவிடலாம்.

நெடுவழி:

நான் கேட்ட கேள்வி இங்கே வந்து நிற்கிறது. மலைமுகடு ஐயாவிடமே நேராகக் கேட்கிறேன். மூன்று விஷயம். ஒட்டுக்கேட்கும் முன் நீதிபதியின் அனுமதி. விசாரணை முடிந்தபின், ஒன்றும் கிடைக்காத ஆளிடம் "உங்களைக் கண்காணித்தோம்" என்று எழுத்தில் தெரிவிப்பது. சட்டத்துக்குக் காலக்கெடு. நீங்கள் பணியில் இருந்தபோது இந்த மூன்றும் இருந்திருந்தால், உங்கள் வேலை கெட்டிருக்குமா?

மலைமுகடு:

யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நீதிபதி அனுமதி: அவசரத்தில் முதலில் கேட்டுவிட்டு, மூன்று நாளைக்குள் நீதிபதியிடம் போக அனுமதி இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. சொல்லப்போனால் நல்லது. நீதிமன்றத்தில் ஆதாரத்தைத் தூக்கிப் போடாமல் இருக்க அது உதவும். இப்போது மேலதிகாரி சொல்வதற்காகச் சம்பந்தமில்லாத ஆளின் எண்ணையும் பட்டியலில் சேர்க்க வேண்டிய நிலை சில இளைய அதிகாரிகளுக்கு வருகிறது. நீதிபதி கேட்பார் என்று சொல்லித் தட்டிக்கழிக்க அவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

காலக்கெடு: கட்டாயம் வேண்டும். புதுப்பிக்கக் கேட்கும்போது நாங்கள் என்ன சாதித்தோம் என்று கணக்குக் காட்டட்டும்.

தெரிவிப்பது: இதில்தான் எனக்குத் தயக்கம். ஒருவரிடம் சொன்னால், அவரோடு பேசிய மற்றவர் உஷாராகிவிடுவார். சில வலைப்பின்னல்களை ஐந்து ஆறு வருடம் கவனிக்க வேண்டியிருக்கும்.

கறுப்புக்கோட்டு:

ஐயா, ஜெர்மனியில் அந்தத் தெரிவிக்கும் கடமை ஏற்கெனவே இருக்கிறது. குற்ற விசாரணைக்கு ஆபத்து என்றால் தள்ளிப்போடலாம், ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்க நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். போலீஸ் தானாக முடிவெடுத்து மறைத்துவிட முடியாது.

மலைமுகடு:

தள்ளிப்போடும் முடிவு நீதிபதியிடம், காரணத்தை நாங்கள் மூடிய அறையில் சொல்லலாம் என்றால், அதையும் நான் ஏற்கிறேன். இப்படி ஒரு வரைவு எழுதினால் எனக்கு அனுப்புங்கள், கறுப்புக்கோட்டு. எந்தப் பிரிவு களத்தில் நடைமுறைக்கு ஒத்துவராது என்று குறித்துத் தருகிறேன். என்னோடு வேலை பார்த்த இரண்டு மூன்று பேரிடமும் காட்டுகிறேன்.